பஸ் சார்ஜ், போன் சார்ஜ், சார்ஜ் ஷீட்: ஒரே சொல்லா, வேறு வேறு சொல்லா?

போன மாதம் ஒருநாள் காலையில் குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்திலிருந்து கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். குழித்துறைப் பாலம் தாண்டுவதற்குள் ஒரே சொல் நாலு பேர் வாயிலிருந்து வந்தது. முன்சீட்டுப் பாட்டி, "சார்ஜ் எவ்வளவு மக்கா?" என்று நடத்துநரிடம் கேட்டபடி சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தார். என் பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன், "ராத்திரி முழுக்கப் போட்டும் சார்ஜ் கேறல" என்று கூட்டாளியிடம் போனைக் காட்டினான். பின்னால் ஒருவர் பத்திரிகையை மடித்து வைத்துக்கொண்டு, ஏதோ ஒரு வழக்கில் போலீஸ் சார்ஜ் ஷீட் போட்டதைப் பற்றிப் பேசினார். நர்ஸ் உடுப்பில் இருந்த பெண் போனில் யாரிடமோ, "இன்னைக்கு வார்டுக்கு நான்தான் இன்சார்ஜ்" என்றார்.

நாலு பேரில் ஒருவருக்கும் குழப்பமில்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் இல்லை.

அன்று மாலை டியூஷனில் கதை வேறு. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி ஒருத்தி, சார்ஜ் என்றால் அக்யூஸ் (குற்றம் சாட்டு) என்று ஒரு பட்டியலிலிருந்து மனப்பாடம் செய்திருந்தாள். பஸ் கட்டணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். பஸ்ஸின் அக்யூஸ் இருபது ரூபாய் என்று எழுதி நீட்டினாள். அவள்மேல் தப்பே இல்லை. அவள் கையில் கொடுக்கப்பட்ட பட்டியல் அப்படி. இரண்டு சொல், நடுவில் ஒரு சமக்குறி, அவ்வளவுதான்.

அந்தச் சமக்குறிதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. ஒரு சொல்லுக்குப் பல பொருள் எப்படி வருகிறது, ஒத்த சொல் என்பது உண்மையில் எதற்கு ஒத்தது என்ற இரண்டையும் நாம் போகிற போக்கில் பேசிவிட்டுப் போகிறோம். பிள்ளைகள்தான் அதற்கு மார்க் இழக்கிறார்கள்.

முதலில் நம் வாய்

"இங்கிலீஷில் ஒரு சொல்லுக்குப் பத்து அர்த்தம், ஒழுங்கே கிடையாது" என்று பலரும் சொல்கிறார்கள். தமிழிலும் அப்படித்தான் என்பது நம் கண்ணில் படுவதில்லை. நமக்குப் பழகிவிட்டது, அதுதான் காரணம்.

வாய் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தில் இருப்பது வாய். பானைக்கும் வாய் உண்டு, மடைக்கும் வாய் உண்டு, ஆறாத புண்ணுக்கும் வாய் உண்டு. "அவனுக்கு வாய் ஜாஸ்தி" என்றால் அளவைச் சொல்லவில்லை, பேச்சைச் சொல்கிறோம். தேங்காப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கடலில் சேரும் இடத்தைப் பொழிமுகம் என்கிறோம். அங்கே இருக்கிற முகத்துக்குக் கண்ணும் மூக்கும் கிடையாது. யாரும் இதற்காகத் தமிழை ஒழுங்கில்லாத மொழி என்று சொல்வதில்லை. திறப்பு என்ற ஒரு சாயல் முகத்திலிருந்து பானைக்கும், பானையிலிருந்து மடைக்கும் போயிருக்கிறது.

இப்படி ஒரே சொல் சாயலைப் பிடித்துக்கொண்டு பல பொருளுக்குப் படர்வதைத்தான் பலபொருள் ஒருசொல் என்று நம் இலக்கணம் சொல்கிறது. பேச்சு வழக்கில் அதிகம் புழங்கும் சொல்தான் அதிகம் படரும். ஆங்கிலத்தில் செட், ரன் போன்ற குட்டிச் சொற்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதி பக்கம் பக்கமாக ஒதுக்குவது இதனால்தான். 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் செட் என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 400-க்கும் மேற்பட்ட பொருள்கள். தினமும் கையில் எடுக்கும் அரிவாள் தேங்காயும் வெட்டும், விறகும் பிளக்கும், மீனும் நறுக்கும் அல்லவா? சொல்லும் அப்படித்தான்.

சார்ஜின் பிறப்பு ஒரு வண்டியில்

சரி, சார்ஜுக்கு வருவோம். கட்டணம், மின்சாரம், குற்றச்சாட்டு, பொறுப்பு, பாய்ந்து தாக்குதல் (லத்தி சார்ஜ்). மேலோட்டமாகப் பார்த்தால் இந்த ஐந்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

இதன் வேர் லத்தீனில் கர்ருஸ் என்ற சொல். பொருள், வண்டி. இன்றைய பிரான்ஸ் பகுதியில் வாழ்ந்த ‘கால்’ என்ற பழைய இனத்தாரின் மொழியிலிருந்து லத்தீன்காரர்கள் எடுத்துக்கொண்டது. அதிலிருந்து பிற்கால லத்தீனில் வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறிக்க ஒரு வினைச்சொல் உண்டானது. அது பழைய பிரெஞ்சுக்குப் போய், 1066-க்குப் பிறகு நார்மன் ஆட்சியோடு இங்கிலாந்துக்கு வந்த பிரெஞ்சுச் சொற்களின் கூட்டத்தில் சார்ஜாக ஆங்கிலத்தில் சேர்ந்தது. ஆங்கிலத்தில் அதன் முதல் பொருள் சுமை. கார், கேரி, கார்கோ எல்லாம் இதே வண்டியின் பிள்ளைகள். முகத்தின் ஏதோ ஓர் அம்சத்தை மட்டும் அதிகமாக ஏற்றி வரையும் கேலிச்சித்திரத்தைக் கேரிகேச்சர் என்கிறார்களே, அதுவும் இத்தாலிய வழியில் வந்த உறவுதான்.

இப்போது அந்த ஐந்து பொருளையும் சுமை என்ற சொல்லை வைத்துத் திரும்பப் பாருங்கள். ஒருவர்மேல் குற்றம் *சுமத்துகிறோம்*. மக்கள்மேல் வரி *சுமத்துகிறார்கள்*, வரிச்சுமை என்கிறோம். ஒரு பொறுப்பை ஒருவர் தலையில் *சுமத்துகிறோம்*. குற்றச்சாட்டு, கட்டணம், பொறுப்பு மூன்றும் ஆங்கிலத்தில் சார்ஜ் என்ற ஒரே சொல்லில் இருப்பது அதிசயமாகத் தெரிகிறது. தமிழில் அதே மூன்றும் சுமத்து என்ற ஒரே வினையில் இருக்கின்றன, நாம்தான் கவனித்ததில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்ததல்ல இது. மனிதனின் தோளும் முதுகும் எங்கும் ஒன்றுதான், பாரம் என்ற அனுபவமும் ஒன்றுதான்.

மின்சாரத்துக்கு வந்த வழி இன்னும் அழகு. துப்பாக்கியில் மருந்து நிரப்புவதும் ஆங்கிலத்தில் சார்ஜ்தான், அதுவும் ஏற்றுவது. 1740-களில் லெய்டன் ஜாடி என்ற கண்ணாடிக் குடுவையில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் வித்தை பரவியது. அமெரிக்காவில் அதை வைத்துச் சோதனை செய்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், ஜாடியில் மின்சாரம் ஏற்றுவதற்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். பல ஜாடிகளைச் சேர்த்துக் கட்டியதற்குப் பேட்டரி என்று பேர் வைத்ததும் அவர்தான். பேட்டரி என்பது அதுவரை பீரங்கி வரிசைக்கான சொல். நம் போனுக்குள் இருக்கும் இரண்டு சொல்லிலும் வெடிமருந்து வாடை இருக்கிறது.

லத்தி சார்ஜில் இருக்கும் பாய்ச்சலும் போர்க்களத்திலிருந்து வந்ததுதான். ஆயுதத்தை ஏற்றித் தயாராக்கிக்கொண்டு எதிரிமேல் பாய்வது என்ற வழியாக இந்தப் பொருளை விளக்குகிறார்கள்.

பஸ்ஸில் அந்தப் பையன் சொன்ன வினையை மறந்திருக்க மாட்டீர்கள். "சார்ஜ் கேறல." நம் பக்கத்தில் பஸ்ஸில் கேறுவோம், படியில் கேறுவோம், லாரியில் லோடு கேற்றுவோம், போனில் சார்ஜ் கேறும். மற்ற ஊர்களில் ஏறும், ஏத்து. இயற்பியல் பாடத்தில் நமக்கு அது மின்னூட்டம், இலங்கைத் தமிழில் மின்னேற்றம். ஆங்கிலச் சொல்லின் வேர் தெரியாமலே, அதன் வண்டிக்காலத்துப் பொருளுக்குச் சரியான தமிழ் வினையை அந்தப் பையனின் நாக்கு எடுத்துப் பொருத்திவிட்டது. எனக்கு இதில் இன்றுவரை வியப்பு தீரவில்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பல பொருள் என்பது தாறுமாறான குவியல் அல்ல. நடுவில் ஒரு பொருள் இருக்கிறது, மற்றவை அதிலிருந்து கிளைத்தவை. சார்ஜுக்கு நடுவில் இருப்பது சுமை.

பேட் அப்படி இல்லை

எல்லாச் சொல்லுக்கும் இப்படி வேர் தேடக் கூடாது. கிரிக்கெட் பேட்டும் பேட் என்ற வௌவாலும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்து, ஒரே ஒலி. ஆனால் தடியைக் குறிக்கும் சொல் பழைய ஆங்கிலத்திலிருந்து வந்தது. வௌவாலைக் குறிப்பது வேறு வடிவத்தில் இருந்த ஸ்காண்டிநேவிய வழிச் சொல். காலப்போக்கில் தேய்ந்து ஒன்றுபோல ஆகிவிட்டன. தமிழில் ஓடும் ஆறும் எண்ணும் ஆறும்போல. இவை ஒலியொத்த வேறு சொற்கள்.

நல்ல அகராதியில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். சார்ஜ் ஒரே தலைப்பின் கீழ் 1, 2, 3 என்று எண்ணிட்டு வரும். பேட்டுக்கு இரண்டு தனித் தலைப்புகள் இருக்கும். அகராதியைத் திறந்ததும் முதலில் இதைப் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்கினால் பாதி வேலை முடிந்தது.

ஒத்த சொல் யாருக்குச் சொந்தம்?

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் நின்று போகலாம்.

அந்த மாணவியின் பட்டியலில் இருந்தது பொய் இல்லை. சார்ஜுக்கு அக்யூஸ் ஒத்த சொல்தான். ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் மட்டும். பஸ்ஸில் அதற்கு ஒத்த சொல் ஃபேர். ஆஸ்பத்திரி வார்டில் ரெஸ்பான்சிபிலிட்டி. தெருவில் தடியோடு வந்தால் அட்டாக். இவற்றில் எந்த இரண்டையாவது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃபேரும் அட்டாக்கும் ஒத்த சொற்களா? இல்லை. இரண்டும் சார்ஜுக்கு உறவு, ஒன்றுக்கொன்று உறவில்லை. ஒருவருக்குத் தாய்வழியில் ஒரு கூட்டம், பெண்டாட்டி வழியில் ஒரு கூட்டம் சொந்தம் இருக்கும், அந்த இரண்டு கூட்டமும் கல்யாண வீட்டில்தான் முதல்முறை பார்த்துக்கொள்வார்கள் அல்லவா, அதுபோல.

ஆகவே ஒத்த சொல் என்பது சொல்லுக்கு ஒத்தது அல்ல, சொல்லின் *ஒரு பொருளுக்கு* ஒத்தது. நம் இலக்கணம் இதற்கு வைத்த பேரே அதைச் சொல்லிவிடுகிறது: ஒரு *பொருள்* பல சொல். எண்ணிக்கை பொருளிலிருந்து தொடங்குகிறது.

இதைப் புரிந்துகொண்டவர்கள்தான் நல்ல சொற்களஞ்சியங்களைச் செய்திருக்கிறார்கள். பீட்டர் மார்க் ரோஜே என்ற லண்டன் மருத்துவர் 1852-இல் வெளியிட்ட தெசாரஸில் சொற்களை அகர வரிசையில் அடுக்கவில்லை. கருத்துகளை ஏறக்குறைய 1,000 தலைப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் அதற்கான சொற்களை வைத்தார். 1985-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் தொடங்கிய வேர்ட்நெட் என்ற கணினி அகராதியும் இதே அமைப்புதான். ஒரே பொருள் தரும் சொற்களை ஒரு கொத்தாகக் கட்டுகிறது. அப்படி 1,17,000-க்கும் மேல் கொத்துகள். சார்ஜ் என்ற ஒரு சொல் அதில் பல கொத்துகளில் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும்.

இதை எல்லாம் வெளிநாட்டுக் கண்டுபிடிப்பு என்று வகுப்பில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வராது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ்ச் சொற்பொருள் நூலான திவாகர நிகண்டில் 12 தொகுதிகள். முதல் பத்தில் தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பொருளை வைத்துச் சொற்கொத்துகள். பதினொன்றாவது தொகுதியில் ஒரு சொல்லுக்குப் பல பொருள். இரண்டும் வேறு வேறு வேலை என்று தெரிந்து, வேறு வேறு அறையில் வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் கையில் இருக்கும் பட்டியல் இரண்டையும் ஒரே சமக்குறிக்குள் திணித்துவிட்டது.

கொத்துக்குள்ளேயும் எல்லாச் சொல்லும் அச்சு அசல் ஒன்றல்ல. பயணத்துக்குக் கொடுப்பது ஃபேர். வக்கீலுக்கும் பள்ளிக்கும் ஃபீஸ். சாலைக்கு டோல். தப்புக்கு ஃபைன். கடைச் சாமானுக்கு ப்ரைஸ். தமிழிலும் கட்டணம், கூலி, வாடகை, விலை, சுங்கம், அபராதம் என்று வரிசையாக இருக்கின்றன. எல்லாம் நம் பையிலிருந்து போகும் காசுதான். ஆனாலும் டாக்டருக்குக் கூலி கொடுத்தேன் என்று யாராவது சொன்னால் முகம் சுளிப்போம்.

கூலி என்றாலே உடம்பு வேலை செய்து வாங்குவது என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதற்கு எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சாட்சி உண்டு. சுமை இறக்கும் இடத்தில் கை வைக்காமல், பார்த்துக்கொண்டு நின்றதற்காகக் கேட்கப்பட்ட காசுக்குக் கேரளத்தில் நோக்குகூலி என்று பேர். நோக்கு என்றால் மலையாளத்தில் பார்வை. பார்ப்பதற்குக் கூலியா என்ற கோபம் முழுவதும் அந்தக் கூட்டுச்சொல்லிலேயே இருக்கிறது. 2018 மே 1 முதல் கேரள அரசு அதைத் தடை செய்தது. அங்கே கூலிக்குப் பதில் கட்டணம் என்று ஒரு சொல்லை வைத்திருந்தால் அந்தச் சுரீர் இருந்திருக்காது.

எனவே சோதனை எளிது. ஒத்த சொல் என்று ஒன்று கிடைத்தால் அதை வாக்கியத்தில் மாற்றி வைத்து வாய்விட்டுப் படியுங்கள். வாக்கியம் முன்பு சொன்னதையே சொன்னால் ஒத்த சொல். இல்லையென்றால் அது வேறு கொத்தைச் சேர்ந்தது.

பஸ்ஸில் ஏன் குழப்பம் வரவில்லை?

நாலு சார்ஜும் அரை மணி நேரத்துக்குள் காதில் விழுந்தும் நான் தடுமாறவில்லை. எது உதவியது?

இதற்குத் தொல்காப்பியம் தந்திருக்கும் விடையை விட நல்ல விடையை நான் எங்கும் பார்த்ததில்லை. பல பொருள் உள்ள சொல்லின் பொருளை மூன்று தெளிவுபடுத்தும் என்கிறது: வினை, இனம், சார்பு. உரைகாரர்கள் மா என்ற சொல்லை உதாரணமாக எடுக்கிறார்கள். மா என்றால் மாமரம், விலங்கு என்று பல பொருள். மா பூத்தது என்றால் மரம், மா ஓடியது என்றால் விலங்கு. இங்கே வினை காட்டிக்கொடுக்கிறது. மாவும் மருதும் ஓங்கின என்றால், கூட நிற்கும் மருதமரம் என்ற இனம் காட்டிக்கொடுக்கிறது. கவசம் போட்டு நிற்கும் வீரன் மா கொண்டுவா என்றால் குதிரை. அதைச் சொல்வது சார்பு, அதாவது சொல்லும் ஆளும் இடமும்.

பஸ்ஸில் நடந்ததும் இதேதான். சார்ஜ் கேறவில்லை என்ற வினை போனைக் காட்டியது. ஷீட் என்ற துணைச் சொல் வழக்கைக் காட்டியது. நடத்துநர் முன்னால் நின்று முந்தானை முடிச்சை அவிழ்த்த பாட்டியின் கையே கட்டணம் என்று சொல்லிவிட்டது.

இந்த மூன்றும் கைவிடும் இடமும் உண்டு. மா வீழ்ந்தது என்றால் மரம் சாய்ந்ததா, விலங்கு விழுந்ததா? இரண்டுக்கும் அதே வினைதான். அப்படிப்பட்ட இடத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்கிறது இலக்கணம்.

எல்லையில் இருக்கிற நமக்கு இது புத்தகப் பாடம் அல்ல. விளவங்கோடு, கல்குளம் வட்டங்கள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தவை. இங்கே வீட்டில் குடிப்பது வெள்ளம். மற்ற தமிழ்நாட்டுக்கு வெள்ளம் என்றால் பெருக்கெடுத்து ஊரை மூழ்கடிப்பது. வெள்ளம் குடி என்றால் வினையே தெளிவாக்கிவிடும், வெளியூர்க்காரருக்கும் புரியும். 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கிக் கிடந்தபோது மதுரையிலிருந்து உறவினர் ஒருவர் பதறிப் போன் போட்டு என் அத்தையிடம், "அங்க வெள்ளம் வந்துருச்சா?" என்று கேட்டார். அத்தை நிதானமாக, "காலையிலேயே வந்தாச்சு, ரெண்டு குடம் பிடிச்சு வெச்சாச்சு" என்றார். வருவது என்ற வினை குழாய்க்கும் பொருந்தும், ஆற்றுக்கும் பொருந்தும். மா வீழ்ந்தது போலவே வெள்ளம் வந்தது.

சுருக்கமாக, சொல்லைத் தனியாகப் பிடுங்கி எடுத்தால் பொருள் தெரியாது. அதன் வினை, அக்கம்பக்கம், பேசும் இடம் மூன்றோடும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். ஒத்த சொல் கேள்விக்கு வாக்கியமே இல்லாத பட்டியலை வைத்துத் தயாராவது, பெயர் மட்டும் எழுதிய கல்யாணப் பத்திரிகையை வைத்து மண்டபம் தேடுவது மாதிரி.

அந்த மாணவியின் நோட்டு

மறுவாரம் பட்டியலை மூடி வைக்கச் சொன்னேன். நோட்டின் நடுவில் ஒரு மாட்டுவண்டி வரைந்து, அதன்மேல் மூட்டை ஏற்றி, கீழே சார்ஜ் என்று எழுதச் சொன்னேன். அங்கிருந்து கோடுகள். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஒரு முழு வாக்கியம், அந்த வாக்கியத்தில் மட்டும் செல்லுபடியாகும் ஒத்த சொல். பஸ் ஒரு கோடு, போன் ஒரு கோடு, போலீஸ் ஒரு கோடு. ஃபேர் எங்கே, ஃபீஸ் எங்கே என்று அவளே இடம் கண்டுபிடித்தாள். இன்சார்ஜுக்கு வந்தபோது வண்டிக்காரனுக்குத் தலையில் ஒரு முண்டாசு வரைந்தாள்.

பக்கம் நிறைந்தபிறகு பேனாவை எடுக்காமல் கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள், "அப்போ டிஸ்சார்ஜ்னா இறக்கி வைக்கியதா சார்?"

ஆமாம். கப்பலிலிருந்து சரக்கு இறக்குவதும், போனில் சார்ஜ் இறங்கிப் போவதும், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதும் டிஸ்சார்ஜ்தான். அவள் வண்டியின் பின்பக்கம் ஒரு மூட்டையைத் தரையில் வரைந்து, அதிலிருந்து புதிதாக மூன்று கோடு இழுக்க ஆரம்பித்தாள்.